வேர்க்காத கம்பளி ஜாக்கெட்

திருப்பூரில் எம்பிராய்டரி மெஷின் ஓட்டும் கனகுவுக்குக் கையைவிட வாய் வேகம். அந்த வாய்தான் கரூர்க் கல்லூரித் தாளாளர் ஒருவரிடம், "எந்த ஜாக்கெட்டும் தைப்போமுங்க" என்று சொல்லித் தொலைத்தது.

"அமெரிக்காவுல போடற மாதிரி கம்பளி உடம்பு, தோல் கை, முதுகுல சிங்கம். சித்திரையில ஆண்டு விழா. நான் பேசி முடிக்கற வரைக்கும் பசங்க போட்டிருக்கோணும், ஒருத்தனுக்கும் வேர்க்கக் கூடாது. வேர்த்தா மொத்தமும் திரும்பி வரும்" என்றார் தாளாளர்.

முதலாளி முறைத்தார். திரும்பி வந்தால் கனகுவுக்கு வேலை போச்சு. மூளை இருப்பதாகச் சொல்லப்படும் இடத்தைச் சொறிந்துகொண்டு, "வேர்க்காதுங்கய்யா. ஆனா நீங்களும் ஒண்ணைப் போட்டுக்கிட்டுத்தான் பேசோணும்" என்றான்.

தாளாளர் பேச ஆரம்பித்தால் மைக்செட்காரர் வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டுவிட்டே வரலாம். ஆண்டு விழா அன்று முதுகில் சிங்கத்தோடு மேடையேறியவருக்கு, "அன்பு மாணவர்களே" என்பதற்குள் நெற்றி ஒழுகியது. "எல்லாரும் நல்லா இருங்க, நன்றி" என்று இறங்கிவிட்டார். பையன்கள் ஆரவாரத்தோடு ஜாக்கெட்டைக் கழற்றினார்கள்.

"பசங்களுக்கு வேர்க்கலீங்களேய்யா?" என்றான் கனகு.

தாளாளர் கழுத்தைத் துடைத்தார். "அடுத்த வருசம் பனியன் போதும்டா."

வேலை தப்பியது. சந்தோஷத்தில் முதலாளி மிச்சமிருந்த ஜாக்கெட்டை அவனுக்கே மாட்டிவிட்டு, "நல்லா இருக்காடா?" என்றார். வேண்டாம் என்று சொல்ல மட்டும் அந்த வாய்க்கு வரவில்லை.