நாலு பக்கமும் வெளிச்சம்

சின்னக்காட்டுப்புதூரில் அண்ணன் தம்பி மூன்று பேர். மூத்தவன் நாச்சிமுத்து, அடுத்தவன் வெள்ளியங்கிரி, கடைசி குட்டியப்பன். கெட்ட பழக்கம் ஒன்றும் கிடையாது. மூன்று பேரும் கூடி உட்கார்ந்து யோசிப்பார்கள், அது ஒன்றுதான்.

நாச்சிமுத்துவுக்கு வயது முப்பத்தெட்டு. பதினோரு இடத்தில் பெண் பார்த்து, பதினோரு இடத்திலும் காபியோடு சரி. பாவம், கல்யாண மேளம் கேட்டாலே கண் கலங்கிவிடுவான். பன்னிரண்டாவதாக நர்சரி வைத்திருக்கும் மயில்சாமி மனது வைத்தார். அவருக்குச் செடி என்றால் உயிர். ஆளுயர அரிகா பனை ஒன்றைத் தொட்டியோடு கொண்டுவந்து இவர்களுடைய ஒற்றை அறை வீட்டின் நடுவில் இறக்கினார்.

"செடியைக் காப்பாத்தத் தெரிஞ்சவனுக்குத்தான் எம் பொண்ணு கோகிலவாணி. ஒரு மாசம் கழிச்சு வர்றேன். ஒரு இலை வாடியிருந்தாலும் சம்பந்தம் கிடையாது" என்று சொல்லி, ஒரு காகிதத்தையும் கொடுத்துவிட்டுப் போனார்.

அதில் எழுதியிருந்தது இவ்வளவுதான். வைத்த இடத்தை விட்டு நகர்த்தக் கூடாது. வாரம் ஒரு பக்கமாக நாலு பக்கமும் வெளிச்சம் பட வேண்டும். காலையும் சாயங்காலமும் மட்டும் இலையில் தண்ணீர் தெளிக்க வேண்டும்.

நீங்களும் நானுமாக இருந்தால் தொட்டியை நின்ற இடத்திலேயே கொஞ்சம் திருப்பி வைத்துவிட்டுச் சாப்பிடப் போவோம். அவர்கள் யோசித்தார்கள்.

"ஏனுங்ணா, ஜன்னல் கெழக்கால ஒண்ணுதான் இருக்குது. போன வாரம் கெழக்கு ஆச்சு, இந்த வாரம் தெக்குப் பக்கத்துக்கு வெளிச்சம் வேணுமே?" என்றான் குட்டியப்பன்.

"தொட்டியைத் திருப்பிடலாமா?" என்றான் வெள்ளியங்கிரி.

நாச்சிமுத்து பதறிப்போனான். "திருப்பினா நகர்ந்த மாதிரி ஆயிடாதா? எங் கல்யாணத்துல மண்ணள்ளிப் போட்டுடாதடா!"

"அப்ப ஜன்னலைத்தானுங்ணா நகர்த்தோணும்."

"ஜன்னலை நகர்த்தக் கூடாதுன்னு எழுதியிருக்குதா?"

குட்டியப்பன் காகிதத்தின் பின்பக்கத்தையும் பார்த்தான். "இல்லீங்ணா."

"அப்புறமென்ன, கடப்பாரையை எடு."

தெற்குச் சுவரில் ஜன்னல் வந்தது. அடி இலைகளுக்கு வெளிச்சம் எட்டவில்லை என்று கீழே இடித்தார்கள். மேல் இலைகள் என்ன பாவம் செய்தன என்று மேலேயும் இடித்தார்கள். அப்புறம் பார்த்தால் அந்தப் பக்கம் இடிப்பதற்கு ஒன்றும் மிச்சமில்லை. மூன்றாம் வாரம் மேற்கு. நாலாம் வாரம் வடக்கு. கிழக்கில் மட்டும் சின்ன ஜன்னலாக இருந்தால் ஓரவஞ்சனை ஆகிவிடாதா? அதையும் முடித்தார்கள். மூலைக்கு ஒன்றாக நாலு கல்தூண் இருந்த புண்ணியத்தில் ஓட்டுக்கூரை நின்றது.

வடக்கே வாசல் நிலையையும் கதவையும் மட்டும் தொடவில்லை. "கதவை எடுத்துட்டா வீடு தொறந்து கெடக்குமுங்ணா, கண்ட நாயெல்லாம் உள்ள வரும்" என்றான் வெள்ளியங்கிரி. மூவரும் அந்தக் கதவு வழியாகத்தான் போனார்கள், வந்தார்கள். வெளியே போனால் பூட்டிக்கொண்டு போனார்கள்.

ஒரு நாள் மத்தியானம் மழை பிடித்துக்கொண்டது. சாரல் நாலு பக்கமும் அடித்து இலையெல்லாம் நனைந்தது. தண்ணீர் காலையும் சாயங்காலமும்தானே? மூவரும் துண்டை எடுத்து இலை இலையாகத் துடைத்தார்கள். மழை நனைக்க, இவர்கள் துடைக்க, ஐந்து மணி ஆகிவிட்டது. உடனே துண்டைப் போட்டுவிட்டு, அடிக்கிற சாரலில் நின்று இலைக்குத் தண்ணீர் தெளித்தார்கள்.

மாசம் முடிந்தது. மயில்சாமி மகளோடு ஆட்டோவில் வந்து இறங்கி, கிழக்குப் பக்கமாக நேரே உள்ளே கால் வைக்கப் போனார்.

"மாமா! வாசல் அந்தப் பக்கமுங்க" என்று கத்தினான் நாச்சிமுத்து.

மனிதர் திகைத்துப்போய்ச் சுற்றி வந்தார். கதவைத் திறந்து கூப்பிட்டார்கள். உள்ளே பனை நாலு பக்கமும் தளதளவென்று நின்றது. அவருக்குக் கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது. "எங்க நர்சரியில கூட இப்படி வளரலீங்களே!" என்றவர், அப்புறம்தான் சுற்றிலும் பார்த்தார். "அது சரி மாப்ள, வீடு எங்கீங்க?"

"வீட்டைப் பத்தி நீங்க காகிதத்துல ஒண்ணும் எழுதலீங்களே மாமா."

மயில்சாமி செடியைப் பார்த்தார், வானத்தைப் பார்த்தார். சொன்ன சொல் மாறாத மனிதர். "பொண்ணு உங்களுக்குத்தான்" என்றார். நாச்சிமுத்து விசும்பி விசும்பி அழுதான். தேங்காய் பழம் எடுத்து வர எல்லோரும் ஆட்டோவுக்குப் போனார்கள்.

அந்த நேரம் பார்த்து ஒரு காற்று. கதவு படாரென்று சாத்திக்கொண்டு, உள்ளே கொண்டி விழுந்துவிட்டது.

மூவரும் தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டார்கள். "அஞ்சு மணியாச்சுங்ணா! செடி உள்ள மாட்டிக்கிச்சே!" "தண்ணி தெளிக்கலைன்னா இலை வாடிடுமே, எங் கல்யாணம் போச்சே!"

கோகிலவாணி கொஞ்ச நேரம் பார்த்தாள். கதவை ஒட்டி நாலு அடி நடந்து உள்ளே போனாள். கொண்டியை எடுத்துக் கதவைத் திறந்து, "வாங்க" என்றாள்.

சகோதரர்கள் தள்ளிப் போய்க் கூடி யோசித்தார்கள். நாச்சிமுத்து கண்ணைத் துடைத்துக்கொண்டு திரும்பி வந்தான்.

"மன்னிச்சுக்கோணும் மாமா. மனசு கேக்கல, இருந்தாலும் இந்தச் சம்பந்தம் வேண்டாமுங்க. சாத்தின வீட்டுக்குள்ள செவுத்து வழியாப் போற பொண்ணு குடும்பத்துக்கு ஆகாதுங்க."

"அட, அங்க செவுரே இல்லியேப்பா!"

"இல்லாதப்பவே இப்படிப் போறாங்களே, இருந்திருந்தா ஏறிக் குதிச்சிருப்பாங்க இல்லீங்களா?" என்ற நாச்சிமுத்து, தம்பிகளோடு உள்ளே போய், கதவைச் சாத்திக் கொண்டி போட்டுக்கொண்டான்.