நாக்கில் ஒரு சொட்டு

தில்லைநாயகம் தென்காசிப் பக்கம் பெயர் வாங்கிய குழந்தை மருத்துவர். நாற்பது தாண்டிய பிறகு, தன்னைவிட வயதில் இளையவரான ஒரு பெண்மணியிடம் பாடம் கேட்க வந்தார்.

அந்தப் பெண்மணி டாக்டர் மெகருன்னிசா. ஒரு பெரிய ஆஸ்பத்திரியில், குறைமாதத்தில் பிறந்த குழந்தைகளின் மூளையைப் படித்துக்கொண்டிருந்தார். உடம்பின் எந்த இடத்தைத் தொட்டால் மூளையின் எந்த இடம் விழிக்கிறது என்று வரைபடம் போடுவது அவர் வேலை.

முதல் நாளே தில்லைநாயகம் கேட்டார். "மேடம், இவ்வளவு சின்ன உயிருக்குத் தொட்டா தெரியுமா?"

மெகருன்னிசா ஒரு மெல்லிய தூரிகையை எடுத்து அவர் கையில் கொடுத்தார்.

"தொட்டுக் கேளுங்க."

இன்குபேட்டருக்குள் ஒரு குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது. தலையில் ஒயர்கள் கோத்த சிறு தொப்பி. மூளையின் துடிப்புகள் பக்கத்துத் திரையில் கோடுகளாக ஓடின. தில்லைநாயகம் கையை உள்ளே விட்டு, குழந்தையின் உள்ளங்காலைத் தூரிகையால் தடவினார். குழந்தை அசையவில்லை. திரையில் மட்டும், உச்சந்தலைக்கு நேரான கோட்டில் ஓர் அலை எழுந்தது. பெரிய அலை, அதன் முதுகில் பொடிப்பொடியான நெளிவுகள்.

உள்ளங்கையைத் தொட்டார். அலை பக்கவாட்டுக்கு இறங்கியது. உதட்டோரம் தொட்டார். இன்னும் கீழே வந்தது.

அன்று மாலை வரை அவர் எழுந்திருக்கவில்லை.

அந்த மாதத்தில் ஒருநாள், ஒரு குழந்தைக்கு நெஞ்சுக்கூட்டில் காற்று சேர்ந்துவிட்டது. உடனே விலாவில் துளையிட்டுக் குழாய் இறக்க வேண்டும். பிரிவுத் தலைவர் டாக்டர் வைத்திலிங்கம் தானே வந்தார். குழந்தையின் தலையிலிருந்த ஒயர்த் தொப்பியைக் கழற்றக்கூட நேரமில்லை. வலி தெரியாமலிருக்க மருந்து எதுவும் கொடுக்காமல் கத்தியை வைத்தார்.

குழந்தை வாயைத் திறந்தது. முகம் முழுவதும் அழுகையாகச் சுருங்கியது. சத்தம் வரவில்லை. தொண்டையில் வென்டிலேட்டர் குழாய் இருந்தது.

திரையில் எல்லாக் கோடுகளும் துள்ளின.

குழாய் இறங்கியது. குழந்தை பிழைத்தது. தில்லைநாயகம் பதிவை அச்செடுத்துக்கொண்டு தலைவரின் அறைக்குப் போனார்.

"சார், அதுக்கு வலிச்சிருக்கு. பாருங்க."

வைத்திலிங்கம் ஒரு பார்வை பார்த்தார். "பிள்ளை நெளிஞ்சதுல ஒயர் ஆடியிருக்கு. அதுக்கு நரம்பே இன்னும் சரியா வளரல, நாயகம். அழக்கூட இல்லையே."

"தொண்டையில குழாய் இருக்கு சார்! எப்படி அழும்?"

"கத்தாதீங்க. வலி மருந்து கொடுத்தா மூச்சு நின்னுடும்."

"மூச்சை மெஷின்தானே சார் விட்டுக்கிட்டிருக்கு!"

தலைவர் தாளைத் திருப்பிக் கொடுத்தார். "இது ஒரு பிள்ளையோட கிறுக்கல். ஆட்டமில்லாத பதிவு நிறையக் கொண்டாங்க. அப்புறம் பேசலாம்."

தில்லைநாயகம் திரும்பி வந்தபோது மெகருன்னிசா, குழாய் இறங்கிய குழந்தையின் அருகில் நின்றிருந்தார். ஒரு கையால் அதன் தலையையும் இன்னொரு கையால் பாதங்களையும் பொத்திப் பிடித்திருந்தார்.

"மனுஷனா மேடம் அவர்? கண்ணு முன்னால துடிக்குது. கிறுக்கல்ங்கிறார்!"

"மெதுவாப் பேசுங்க. இப்பத்தான் கண்ணசந்திருக்கு."

"உங்களுக்குக் கோபமே வரலையா?"

"வருது."

"பின்னே ஏன் இங்கே நிக்கிறீங்க?"

"கையை எடுத்தா முழிச்சுக்குது," என்றார் மெகருன்னிசா.

தில்லைநாயகத்துக்கு அந்தப் பதில் போதவில்லை. அவருக்கு ஆதாரம் வேண்டும். வைத்திலிங்கத்தின் மேசையில் கொண்டுபோய்க் கொட்ட வேண்டும்.

மறுநாளிலிருந்து வார்டிலேயே கிடந்தார். எந்தக் குழந்தைக்கு ரத்தம் எடுக்க வேண்டியிருந்தாலும் முன்கூட்டியே தனக்குச் சொல்லும்படி சிஸ்டர்களிடம் கேட்டுக்கொண்டார். குத்துவதற்கு முன் தொப்பி மாட்டுவார். ஒயர் ஆடாமல் நாடா ஒட்டுவார். முகத்தைப் படம் பிடிக்க ஒரு கேமராவும் வைத்தார். வீட்டிலிருந்து போன் வந்தால் எடுப்பதில்லை. சாப்பாட்டு நேரத்தில்கூட வைத்திலிங்கத்தைத் திட்டிக்கொண்டே சாப்பிட்டார்.

பதிவுகள் சேர்ந்தன. தூரிகைக்கு எழும் அலை வேறு, ஊசிக்கு எழும் அலை வேறு என்பது நிறைமாதத்தை நெருங்கிய குழந்தைகளிடம் தெளிவாகவே தெரிந்தது. ஆனால் ஏதாவது ஒரு குறை இருந்துகொண்டே இருந்தது. ஒன்றில் குழந்தை தும்மிவிட்டது. இன்னொன்றில் யாரோ இன்குபேட்டரை இடித்துவிட்டார்கள்.

பேச்சித்தாய் என்ற பெண்ணின் மகளுக்கு ரத்தம் எடுக்க வேண்டிய நாள் வந்தது. வென்டிலேட்டரிலிருந்து விடுபட்டு, தானாக மூச்சு விட ஆரம்பித்திருந்த குழந்தை. அசையாமல் படுத்திருந்தது. ஒயர்கள் கச்சிதமாக ஒட்டியிருந்தன. கோடுகள் அமைதியாக ஓடின. இப்படி ஒரு நேரத்துக்குத்தான் தில்லைநாயகம் காத்திருந்தார்.

பேச்சித்தாய் கையைக் கழுவிவிட்டுப் பக்கத்தில் வந்து நின்றாள். "நான் பிடிச்சுக்கட்டுமா, டாக்டரய்யா?"

"வேண்டாம்மா, ஆடிடும். தள்ளி நில்லுங்க."

அவள் தள்ளி நின்றாள்.

சிஸ்டர் ஞானப்பூ ஊசியோடு வந்தார். கூடவே ஒரு சின்னக் குப்பியில் சர்க்கரைத் தண்ணீர். குத்துவதற்கு முன் நாக்கில் சொட்டு வைத்தால் பிள்ளைக்கு வலி அடங்கும் என்று மெகருன்னிசா சொல்லிக்கொடுத்த வழக்கம் அது. வைத்திலிங்கம் அதைத் தடுத்ததில்லை, கண்டுகொண்டதும் இல்லை. சிஸ்டர்கள் விடாமல் செய்துவந்தார்கள்.

ஞானப்பூ சொட்டு வைக்கக் குனிந்தார்.

"சிஸ்டர், இன்னிக்கு அது வேண்டாம்," என்றார் தில்லைநாயகம்.

"ஏன் சார்?"

"இனிப்பு பட்டா முகம் சுளிக்காது. படத்துல சரியா விழணும். இந்த ஒரு பிள்ளைக்கு மட்டும் விட்டுடுங்க."

ஞானப்பூ குப்பியைப் பிடித்தபடியே நின்றார். பேச்சித்தாய் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். "என்னய்யா வேண்டாங்கிறீங்க? எம் பிள்ளைக்கு என்ன வேண்டாம்?"

தில்லைநாயகம் கேமராவின் பக்கம் திரும்பினார்.

வாசலில் மெகருன்னிசா நின்றிருந்தார். எப்போது வந்தார் என்று தெரியவில்லை. நேரே இன்குபேட்டரிடம் வந்தார். நாடாவை ஈரப் பஞ்சால் நனைத்து, குழந்தைக்கு இழுபடாமல் ஒவ்வொன்றாகப் பிரித்தார். தொப்பியைக் கழற்றினார். திரையை அணைத்தார்.

"தாயி, வாங்க. பிள்ளையைத் தூக்கி நெஞ்சோட வெச்சுக்கோங்க."

பேச்சித்தாய் நாற்காலியில் உட்கார்ந்தாள். மெகருன்னிசா குழந்தையை எடுத்து அவள் மார்பில் படுக்கவைத்துத் துணியால் மூடினார். ஒரு பாதம் மட்டும் வெளியே தெரிந்தது. ஞானப்பூ நாக்கில் சொட்டு வைத்துவிட்டுக் கொஞ்சம் பொறுத்தார். பிறகு குதிகாலில் குத்தினார். குழந்தை ஒருமுறை முனகிவிட்டு உதட்டைச் சப்பியது.

ரத்தம் எடுத்துக்கொண்டு ஞானப்பூ போய்விட்டார். தில்லைநாயகம் கழற்றிய தொப்பியைக் கையில் பிடித்திருந்தார். முகம் சிவந்திருந்தது.

"நல்ல பதிவு, மேடம். கையில கிடைச்சதைக் கலைச்சிட்டீங்க."

மெகருன்னிசா குழந்தையின் பாதத்தைத் துணிக்குள் மூடினார்.

"அந்த மனுஷன் இனிமே எத்தனை பிள்ளைங்களை மருந்தில்லாம கிழிக்கப்போறார்? இது ஒண்ணு இருந்திருந்தா அவர் வாயை அடைச்சிருக்கலாம். பிள்ளைக்கு வலிக்கும்னு அவரை வேற எப்படி நம்பவைக்கிறது?"

"அவர் கிடக்கட்டும். நீங்க நம்புறீங்களா?"

"என்ன மேடம் இப்படிக் கேக்குறீங்க? இந்த ஆஸ்பத்திரியில என்னைவிட யார் நம்புறாங்க?"

"இந்தப் பிள்ளைக்கு வலிக்கும்னு?"

"வலிக்கும். நல்லாத் தெரியும்."

"தெரிஞ்சுமா சொட்டு வேண்டாம்னீங்க?"