மந்திரிக்கு வந்த சீட்டாட்டச் சங்கடம்

எதிர்க்கட்சியில் இருந்தபோது "போக்கர் சீட்டாட்டம் வெறும் அதிர்ஷ்டம், தடை செய்!" என்று ரோட்டில் உட்கார்ந்தவர் வரதப்பன். மந்திரியானதும், "போக்கர் திறமை ஆட்டம், அனுமதிக்கலாம்" என்று மசோதா கொண்டுவரும் வேலை அவர் தலையிலேயே விழுந்தது. காரில் புலம்பிக்கொண்டே வந்தார். டிரைவர் சவரிமுத்து சிரித்துவிட்டான்.

"சிரிக்கிறியா? என் ரெண்டு பேச்சும் சரின்னு சொல்லிக் காட்டு. இல்லேன்னா கார் சாவியை வச்சிட்டுப் போ!"

பின்சீட்டில் உட்கார்ந்திருந்த கட்சிக்காரர்கள் காதைத் தீட்டிக்கொண்டார்கள்.

"போன எலெக்‌ஷன்ல ஏங்கய்யா தோத்தீங்க?"

"நேரம் சரியில்லை."

"இந்தத் தடவை ஜெயிச்சது?"

"என் திறமைடா!"

"அவ்வளவுதாங்கய்யா. போக்கரையும் நீங்க தோத்திருந்தப்ப அதிர்ஷ்டம்னீங்க, ஜெயிச்சதும் திறமைங்கறீங்க."

பின்சீட்டில் சிரிப்பை அடக்கப் பார்த்து எல்லோரும் இருமினார்கள். மந்திரி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"சாவி உன்கிட்டயே இருக்கட்டும். வாயை மட்டும் பூட்டு."