நூறு கை இளவரசன்

முன்னொரு காலத்திலே, மீனுக்கும் நண்டுக்கும் பேச்சு வந்த நாளிலே, முத்துத்துறை என்று ஒரு நாடு இருந்தது. அதன் இளவரசன் நித்திலவர்மன் சோற்றில் கை வைத்ததே இல்லை. "ஆ!" என்பான். பணிப்பெண்களில் ஒருத்தி பிசைவாள், ஒருத்தி உருட்டுவாள், ஒருத்தி ஊட்டுவாள். மெல்லுவது மட்டும்தான் அவன் வேலை. அதற்கும் ஆள் கிடைத்திருந்தால் வைத்திருப்பான்!

ஒருநாள் பசியோடு வந்த மந்திரக்காரி ஒருத்தி, "ராசா, உன் கையால ஒரு கவளம் குடுப்பா" என்று கேட்டாள்.

"ஐயோ, கை வலிக்குமே!"

"ரெண்டே கைதானே, அதான் வலிக்குது. நூறு கை தாரேன். அந்தக் கையால ஓர் உயிருக்கு ஊட்டுற வரைக்கும் கடல்லயே கிட!"

மறுகணம் இளவரசன் கடலடிப் பாறையில், பூப்போல விரியும் கடல் சாமந்தி என்ற பிராணியாக ஒட்டிக்கொண்டிருந்தான். சுற்றிலும் நூறு கை, நடுவிலே வாய். பழக்கம் விடுமா? "ஆ!" என்றான். ஓர் இறால் நீந்திப் போனது. "ஆ!" ஒரு குட்டி மத்தி போனது. "ஆ!" உப்புத் தண்ணீர்தான் உள்ளே வந்தது. நூறு கை இருந்தும் பட்டினியில் வாடினான், பாவி.

பக்கத்திலே சங்குக்குள் குடியிருந்தாள் நண்டக்கா. இரண்டு கொடுக்கையும் விலாங்கு மீனிடம் பறிகொடுத்தவள். அவளுக்குச் சிரிப்புத் தாங்கவில்லை.

"ஏ தம்பி, ஊட்டிவிட இங்க யாரு இருக்கா? கையை ஆட்டிக்கிட்டே இரு. உன் கையில விஷம் இருக்கு, எது வந்து உரசினாலும் ஒரு கொட்டு கொட்டு, மயங்கிடும். அப்புறம் கைக்குக் கை மாத்தி வாய்க்குக் கொண்டு போ!"

ஆட்டினான். ஒரு மீன் உரசியது, கொட்டினான், மயங்கியது. ஆனால் நூறு கையும் திசைக்கொன்றாக இழுத்ததில் நழுவிப் போனது. அடுத்த மீனும் அப்படியே. மூன்றாவதாக வந்தது கொழுத்த இறால். கைக்குக் கை மாறி வாய்வரை வந்தேவிட்டது.

"சபாஷ்! சாப்பிடு தம்பி" என்று நண்டக்கா சங்குக்குள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். கொடுக்கு போன நாளாக அவளும் பட்டினிதானே! இளவரசனுக்கு நெஞ்சு சுருக்கென்றது. மந்திரக்காரி சொன்னதெல்லாம் அவனுக்கு மறந்தே போயிருந்தது. வயிறு காந்தியது. ஆனாலும் நூறு கையும் இறாலை அந்தப் பக்கம் நீட்டின.

"அக்கா, ஆ சொல்லுங்க!"

அவள் ஒரு வாய் கடித்தாள். மந்திரம் பொடிப்பொடியாக உதிர்ந்தது. நண்டக்காவுக்குப் புதுக் கொடுக்கு முளைத்தது. இளவரசன் கரையில் நின்றான், இரண்டே கையோடு.

சொட்டச் சொட்ட அரண்மனைக்கு ஓடினான். மூன்று பணிப்பெண்களையும் இலை போட்டு உட்கார வைத்தான். தானே பிசைந்தான், தானே உருட்டினான். "ஆ சொல்லுங்க!" என்றான்.

சொல்லவே வேண்டியிருக்கவில்லை. மூன்று வாயும் எப்போதோ பிளந்திருந்தன!