கடல் பாக்கப் போன ஒச்சம்மா

போர்வையை உதைக்காமப் படு. அப்புறம் கொசு பிடுங்குதுன்னு என்கிட்ட அழக்கூடாது. ம், கேளு.

ஒரு மலையடிவாரத்து ஊர்ல ஒரு ஒச்சம்மா. பொறந்ததுல இருந்து மலையைத்தான் பாத்திருக்கா, கடலைப் பாத்ததே இல்லை. ஒரே ஒரு தடவை முங்கி எந்திரிச்சாப் போதும்னு அம்புட்டு ஆசை. கேக்குறியா?

"ம்."

அப்போ அவ புருஷன் சுருளி, "திருச்செந்தூர் போவோம், சாயங்காலப் பஸ்ல திரும்பிருவோம்"னான். கூட மாமியா, நாத்தனா, நாத்தனாவோட கைக்குழந்தை. அவங்க பெரிய சூட்கேஸ்ல பட்டுச்சேலையா அடுக்கினாங்க. ஒச்சம்மா மஞ்சப்பையில ஒரு துண்டு, நாலு ஊக்கு, ஒரு பழைய நூல்சேலை எடுத்து வச்சா. "பழந்துணிக்காரி மாதிரி இது என்னடி மூட்டை?"ன்னா மாமியா. சொல்ற வாயைப் பாரு!

அப்புறம் பஸ் ஸ்டாண்டுக்கு வந்தா, ஒரே கூட்டம். திமுதிமுன்னு ஓடுறாங்க. சுருளி சூட்கேஸைத் தூக்கிக்கிட்டு புஸ்ஸு புஸ்ஸுன்னு மூச்சு வாங்குறான். அப்போ ஒச்சம்மா ஜன்னல் வழியா துண்டை வீசினா. பொத்துனு விழுந்துச்சு மூணு பேர் சீட்டுல. இடம் கிடைச்சிருச்சு. யாரு உக்காந்தா? மாமியா, நாத்தனா, சுருளி! துண்டு போட்டவ வழி நெடுக நின்னுக்கிட்டே போறா. "நீ கொஞ்சம் உக்காரு"ன்னு சொன்னானா அந்த ஆளு?

"இல்லை."

இல்லையில்ல? அப்புறம் இறங்கி நடக்குறாங்க. உச்சி வெயில், தார் ரோடு கொதிக்குது. மாமியா செருப்பு வாரு படக்குனு பிச்சுக்கிச்சு. "ஐயோ என் காலு, என் காலு!"ன்னு கூப்பாடு. ஒச்சம்மா ரோட்டோரம் குத்தவச்சு, ஊக்கு குத்தி வாரை மாட்டிக் கொடுத்தா. அதுக்கு அந்தம்மா, "சுருக்குன்னுச்சுடி, பாத்துக் குத்தத் தெரியாதா?"ங்குது. எனக்கு வருது பாரு ஆத்திரம்!

அப்புறம் சத்திரத்துல ஒரு மூலையில ஒதுங்குனாங்க. குழந்தை வீல் வீல்னு கத்துது. ஒச்சம்மா அந்தப் பழைய சேலையை உத்தரத்து வளையத்துல மாட்டித் தூளி கட்டினா. குழந்தை கம்முனு தூங்கிருச்சு. உடனே நாத்தனா, "எங்கண்ணன் எடம் பாத்தா எப்பவும் நல்ல எடமாத்தான் இருக்கும்"ங்கிறா. தூளி கட்டினது அண்ணனா? நீயே சொல்லு! தூங்கிட்டியா?

"ம்ஹூம்."

அப்புறம் குழந்தை முழிச்சதும் கடற்கரைக்கு வந்தாங்க. கடல் ஓஓன்னு கூப்பிடுது. ஒச்சம்மா சேலையை இழுத்துச் செருகுறா. அப்போ சுருளி, "எல்லாரும் போனா சாமானை யாரு பாக்குறது? நீ இரு. கடல்ல முங்காம சாமியைப் பாக்கக் கூடாது, நாங்க முங்கிட்டு வந்திர்றோம்"னான். குழந்தையையும் அவ மடியில போட்டுட்டு மூணு பேரும் போயிட்டாங்க. சளக் புளக்குனு ஒரே ஆட்டம். இவ மணல்ல காஞ்சுக்கிட்டே பாக்குறா.

வெயில் சாஞ்ச பெறகு சொட்டச் சொட்ட வந்து, "கிளம்பு கிளம்பு, சாமியைப் பாத்துட்டு பஸ்ஸைப் பிடிக்கணும்"ங்கிறான்!

"நான் இன்னும் முங்கலையே?"

"அடுத்த வருஷம் முங்கிக்க. கடல் எங்கேடி ஓடிரப்போகுது?"ன்னா மாமியா.

ஒச்சம்மா எந்திரிச்சா. குழந்தையை நாத்தனா கையில கொடுத்தா. பையைச் சுருளி தோள்ல மாட்டினா. "முங்காம சாமியைப் பாக்கக் கூடாதுன்னு நீங்கதானே சொன்னீங்க? எனக்கும் அதே சாமிதான்"னா. விறுவிறுன்னு போனா. தடால்னு ஒரு அலை! ஆளைக் காணோம்! அப்புறம் தலை தெரிஞ்சுச்சு. சிரிக்கிறா.

"ஏய், பஸ்ஸு போயிரும்டி!"ன்னு கரையில நின்னு கத்துறான் சுருளி.

"போகட்டும்!"னா ஒச்சம்மா.

"பஸ் போயிருச்சா பெரியம்மா?"

போனா போகுது! அவ நல்லா நனையட்டும், யாரும் கூப்பிடாதீங்க. அவ கரையேறலை, கதை கரையேறிருச்சு. கண்ணை மூடு, தூங்கு.