சோதனைக் குரல்

கோவில்பட்டியில் கனகமணி என்று ஒரு பெண் கணினி பழுது பார்த்து வந்தார். முப்பத்தைந்து வயதிருக்கும். அவருக்குத் திக்குவாய். அதனால் அளந்துதான் பேசுவார்.

அவரிடம் வேலை கற்றவர் ஆதிமூலம். தீப்பெட்டி லேபிள் அடிக்கும் அச்சகத்தில் பாதி ஆயுளைக் கழித்தவர். அச்சகத்தை மூடியபின், ஐம்பது தாண்டிய வயதில் கனகமணியின் கடைப் படி ஏறினார். அவர் 'டீச்சர்' என்று கூப்பிடுவார். கனகமணி 'அண்ணாச்சி' என்பார். இருவருக்கும் அதில் சங்கடம் ஒன்றும் இருந்ததில்லை.

கனகமணியிடம் ஒரு வழக்கம் இருந்தது. ஒரு கணினியில் உள்ளது இன்னொரு கணினிக்கு வந்து சேருகிறதா என்று பார்க்க வேண்டுமானால், வீட்டாருடைய எதையும் திறக்க மாட்டார். தன் பென் டிரைவில் உள்ள ஒலிப்பதிவு ஒன்றை இங்கே வைத்து அங்கே போட்டுக் கேட்பார். ஒன்று முதல் பத்து வரை எண்ணும் பதிவு. எண்ணுவது அவரேதான். "ஒ… ஒ… ஒண்ணு" என்று தொடங்கும். நாலில் போய் வெகுநேரம் நிற்கும். வேலை முடிந்ததும் அழித்துவிட்டு வந்துவிடுவார். ஆதிமூலத்துக்கும் அதைப் பென் டிரைவில் போட்டுக் கொடுத்திருந்தார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மளிகைக்கடை சண்முகவேல் வீட்டிலிருந்து ஆள் வந்தது. மாடியில் மருமகள் பிரமசக்தியின் கணினி. கீழே கூடத்தில் கடைக் கணக்குக் கணினி. மாடியில் உள்ள கல்யாணப் படங்கள் போன வாரம் வரை கீழே தெரிந்தன. இப்போது தெரியவில்லை. மகளைக் கட்டிக்கொடுத்த இடத்துச் சம்பந்திகள் படம் பார்க்க வந்து உட்கார்ந்திருக்கிறார்கள். கொஞ்சம் சீக்கிரம் வந்தால் நல்லது.

கனகமணி வேறு வேலையில் இருந்தார். ஆதிமூலம் தனியாகப் போனார்.

மறுநாள் காலை கடைக்கு வந்தவர் ஸ்டூலில் உட்காரவில்லை. துடைத்த மேசையையே திரும்பத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"எ… என்ன அண்ணாச்சி?"

நடந்ததைச் சொன்னார். சொல்லக் கூடியதை மட்டும் சொன்னார்.

போனவுடன் கம்பி எல்லாம் பார்த்தாராம். சரியாக இருந்ததாம். மாடிக் கணினி கீழ்க் கணினியை அடையாளம் காணவே இல்லையாம். கூடத்தில் சம்பந்தி கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். சண்முகவேல் வந்து வந்து நிற்கிறார். எங்கே அடைத்திருக்கிறது என்று தேட நேரமில்லை. மாடியில் உட்கார்ந்து கணினியின் காவலை எல்லாம் எடுத்துவிட்டு, கடவுச்சொல் கேட்பதையும் நிறுத்தி, படம் இருந்த பகுதி முழுவதையும் யார் வேண்டுமானாலும் பார்க்கும்படி திறந்துவிட்டார். கீழே வந்து பார்த்தால் எல்லாம் வரிசையாகத் தெரிந்தது.

"அப்புறம்?"

"சோதிச்சுப் பாக்கணும்லா. மேல இருந்த ஒண்ணைத் தொட்டேன்."

படம் வரவில்லை. சத்தம் வந்தது. ஸ்பீக்கர் முழுச் சத்தத்தில் இருந்தது.

"மை நேம் இஸ் பிரமசக்தி. ஐ ஆம் கம்… ஐ யாம் கம்மிங்… சாரி. மை நேம் இஸ் பிரமசக்தி."

மருமகள் தனக்குத் தானே பேசிப் பதிந்து வைத்தது. மதுரையில் ஒரு கம்பெனி போனில் இன்டர்வியூ வைக்கிறதாம். வீட்டில் ஒருவருக்கும் அதுவரை தெரியாது. மஸ்கட்டில் இருக்கும் புருஷனுக்கு மட்டும் தெரியும். கூடத்தில் எல்லோரும் ஸ்பீக்கரைப் பார்த்தார்கள். பிறகு சம்பந்தி, மாடியில் வெள்ளைக்காரி ஒருத்தியைக் குடிவைத்திருக்கிறீர்களே, வாடகை எவ்வளவு என்று கேட்டார். எல்லோரும் சிரித்துவிட்டார்கள்.

பிரமசக்தி காப்பித் தட்டோடு பாதிப் படியில் நின்றாள். தட்டை அந்தப் படியிலேயே வைத்துவிட்டு மேலே போய்விட்டாள்.

"உடனே நி… நிறுத்தலையா?"

ஆதிமூலம் துணியை மடித்தார். உடனே நிறுத்தவில்லை. சத்தம் வந்துவிட்டதே என்ற சந்தோஷத்தில் இருந்தார்.

"நம்ம பதிவைப் போடலையா?"

"பென் டிரைவை மறந்துட்டுப் போயிட்டேன் டீச்சர்."

அந்த நேரம் சண்முகவேலே போனில் கூப்பிட்டார். மறுபடி படம் ஒன்றும் வரவில்லை, மருமகள் மாடிக் கம்பியைப் பிடுங்கிவிட்டாள் போல, சாப்பிடவும் கீழே இறங்கவில்லை, இன்டர்வியூவும் வேண்டாம் ஒன்றும் வேண்டாம் என்கிறாளாம் என்று சொன்னார். எதை முதலில் சரிசெய்யச் சொல்கிறார் என்பது அவருக்கே தெரியாதது போல் இருந்தது பேச்சு.

கனகமணி கடையைப் பூட்டினார். "வா… வாங்க, போவோம்."

"நான் வரணுமா டீச்சர்?"

கனகமணி தெருவில் இறங்கி நடந்துவிட்டார்.

சண்முகவேல் வீட்டில் கூடத்துக் கணினியைக் காட்டினார்கள். கனகமணி அதன் பக்கம் போகவில்லை. மாடி ஏறி, சாத்தியிருந்த கதவைத் தட்டி, உள்ளே வரலாமா என்று கேட்டுவிட்டு நின்றார். கதவு திறக்கக் கொஞ்ச நேரம் ஆயிற்று. ஆதிமூலம் படியிலேயே நின்றுகொண்டார். முந்தின நாள் காப்பித் தட்டு இருந்த படி. வட்டமாகக் கறை காய்ந்திருந்தது.

உள்ளே இரண்டு பெண்களும் பேசியது அவருக்குக் கேட்கவில்லை. பிறகு கனகமணி கூப்பிட்டார். ஆதிமூலம் உள்ளே போனார். பிரமசக்தி ஜன்னலைப் பார்த்துக்கொண்டு நின்றாள். திரும்பவில்லை.

கனகமணி திரையில் ஒரு வரியைக் காட்டினார். போன வாரம் வீட்டில் வைஃபை பெட்டியை மாற்றியிருக்கிறார்கள். பெட்டி மாறியதும் மாடிக் கணினி, தான் இருப்பது வீடு அல்ல, பொது இடம் என்று எடுத்துக்கொண்டது. பஸ் ஸ்டாண்டில் பெட்டியைத் திறந்து வைப்பார்களா? அதுபோல எல்லாவற்றையும் உள்ளே இழுத்துப் பூட்டிக்கொண்டது. 'வீடு' என்று மாற்றினால் போதும். ஒரு நிமிட வேலை.

"இதைத்தான் நான் பாக்காம விட்டுட்டேன்" என்றார் ஆதிமூலம்.

"அது ச… சரியாத்தான் நெனச்சிருக்கு."

ஜன்னல் பக்கம் நின்றவளின் தோள் லேசாக அசைந்தது.

ஆதிமூலம் திறந்துவிட்டதை எல்லாம் கனகமணி அவரையே மூட வைத்தார். கல்யாணப் படங்கள் உள்ள இடத்தை மட்டும் திறக்கவேண்டும். அதற்கும் பிரமசக்தி வந்து தலையசைத்த பிறகுதான் திறக்கச் சொன்னார். கடவுச்சொல்லை அவளே அடித்தாள். அப்போது இருவரும் சுவரைப் பார்த்து நின்றார்கள்.

பிறகு கனகமணி ஆதிமூலத்தின் பக்கம் கையை நீட்டினார். "பென் டிரைவ்."

ஆதிமூலத்தின் கை தானாகச் சட்டைப் பைக்குப் போனது. முந்தின நாளும் அது அங்கேதான் இருந்தது. கொடுத்தார். கனகமணி வாங்கிக்கொண்டார். முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. அதுதான் தாங்க முடியாமல் இருந்தது.

பதிவை மாடிக் கணினியில் படங்கள் இருக்கும் இடத்தில் வைத்துவிட்டுக் கீழே இறங்கினார்கள். சண்முகவேலும் அவர் மனைவியும் கணினி முன்னால் வந்து நின்றார்கள். கனகமணி ஸ்பீக்கரை முழுச் சத்தத்தில் வைத்துத் தொட்டார்.

"ஒ… ஒ… ஒண்ணு. ரெண்டு. மூ… மூணு. நா… நா… நா…"

சண்முகவேலின் மனைவிக்கு உதட்டோரம் சிரிப்பு வந்தது. பக்கத்தில் நிற்கும் கனகமணியின் முகத்தைப் பார்த்தார். முந்தானையை எடுத்து வாயைத் துடைத்துக்கொண்டார். சண்முகவேல் தரையைப் பார்த்தார். நாலு இன்னும் வரவில்லை. கூடத்தில் மின்விசிறி சுற்றியது. கனகமணி கையைக் கட்டிக்கொண்டு, யாரோ ஒருவர் எண்ணுவதைக் கேட்பதுபோல் கேட்டுக்கொண்டிருந்தார்.

நாலு வந்தது. பத்து வரை முழுதாக ஓடியது. கடைசியில் பார்த்தபோது பிரமசக்தி பாதிப் படியில் நின்றாள்.

"சத்தம் வ… வருதா அண்ணாச்சி?" என்று கனகமணி சண்முகவேலைக் கேட்டார்.

"வருதும்மா. நல்லா வருது."

சண்முகவேல் படியின் பக்கம் திரும்பினார். "அந்த இன்டர்வியூ என்னைக்கு தாயி?"

"வியாழக்கிழமை மாமா."

அவ்வளவுதான் சொன்னாள். மேலே போனாள். கதவைச் சாத்தும் சத்தம் கேட்கவில்லை.

திரும்பி வரும்போது ஆதிமூலம் கொஞ்சம் பின்தங்கியே நடந்தார். பயணியர் ரயில் ஒன்று வர இருந்ததால் கேட் அடைத்திருந்தது. நின்றார்கள்.

"பென் டிரைவை மறந்துட்டேன்னு சொன்னது பொய் டீச்சர்."

"ம்."

"சம்பந்திக்காரங்க முன்னால அந்தச் சத்தத்தைப் போடக் கூச்சமா இருந்துச்சு."

"யா… யாருக்கு?"

உங்களுக்காகத்தான் என்று சொல்லலாம் என வழியெல்லாம் நினைத்து வைத்திருந்தார். வாய்க்கு வரவில்லை.

"எனக்குத்தான்" என்றார்.

கனகமணி தண்டவாளத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"நல்லாப் பேசுற ஆள் ஒருத்தரை எண்ணச் சொல்லிப் பதிஞ்சு வச்சிருக்கலாமே டீச்சர். இதை ஏன் வச்சிருக்கீங்க?"

"நீங்க வேலை கேட்டு வந்த அன்னைக்கு, இ… இதைப் போட்டுக் காட்டினேன். ஞாபகம் இருக்கா?"

"இருக்கு."

"நீங்க சிரிக்கல. அன்னைக்குச் சா… சாயங்காலந்தான் கடைச் சாவி ஒண்ணு உங்களுக்குக் குடுத்தேன்."

ரயில் வந்து போனது. கேட்டைத் தூக்கினார்கள். சைக்கிள்களும் ஆட்டோக்களும் நகர்ந்தன. ஆதிமூலம் நகரவில்லை. இடுப்பில் முடிந்திருந்த சாவியை எடுத்து உள்ளங்கையில் வைத்துக்கொண்டிருந்தார்.

"நேத்து நானும் சிரிச்சேன் டீச்சர்."

"தெரியும். ம… மாடியில அவ மொதல்ல சொன்னது அதைத்தான். அந்தப் பெரியவரும் சிரிச்சாருன்னு."

ஆதிமூலம் சாவியை நீட்டினார். கனகமணி அதை வாங்கவில்லை. தண்டவாளத்தைத் தாண்டி நடந்தார். கடைக்கு வந்ததும் ஒதுங்கி நின்றார். ஆதிமூலம்தான் பூட்டைத் திறக்க வேண்டியிருந்தது. சாவி இரண்டு முறை தவறியது.

உள்ளே போய் கனகமணி ஆதிமூலத்தின் பென் டிரைவைச் செருகினார். எண்ணும் பதிவை அழித்தார். ஒன்றுமில்லாத பென் டிரைவை ஆதிமூலத்திடம் கொடுத்தார்.

"இனிமே உ… உங்க குரல். அந்தப் பொண்ணு சொன்னதையே உங்க பேரை வச்சுச் சொல்லிப் பதிங்க."

"இங்கிலீஷ்லயா? எனக்குத் தப்புத் தப்பா வருமே டீச்சர்."

"வரும்" என்றார் கனகமணி. "அ… அழிச்சுடாதீங்க."