கடைசி நூறடித் தார்

செம்மணல் மேடான தேரியின் மணலுக்கு ஒரு குணம் உண்டு. போட்ட இடத்தில் கிடக்காது. அதன்மேல் ரோடு போட வந்திருந்தார் லிங்கத்துரை மேஸ்திரி. மண்ணெண்ணெயில் கரைத்த தாரை மணலில் ஊற்றிப் பிசைந்து, வாசம் போகக் காயவிட்டு, அதன்பிறகுதான் ரோலர் ஓட்டவேண்டும். ஊர் முகப்பிலிருந்த கடைசி நூறடியை மட்டும் காயவிடாமல் அன்று காலையிலேயே உருட்டிவிட்டார்.

மணல் பிசைந்த பட்டுக்கனிக்கு அந்த வாசம் இன்னும் மூக்கில் நின்றது. இரண்டு மைல் குடம் சுமந்து அவள் உச்சந்தலை வழுக்கையாகியிருந்தது. இன்றுதான் தண்ணீர் லாரி முதல்முறையாக ஊருக்குள் வருகிறது. திரும்பிப் போய்விட்டால் மறுபடியும் நடைதான்.

“மண்ணு பிடிக்குமா அண்ணாச்சி?”

“பிடிக்குமாவா? கேளு தாயி. ராஜஸ்தான்ல ஒரு மணல்மேட்டுக்கு ஒத்த டின்னு தாரு தெளிச்சேன். மறுநாள் ஒட்டகமெல்லாம் வழுக்கி விழுது.”

“லாடம் அடிச்சு விட்டியளாக்கும்?” என்றான் ரோலர் ஓட்டும் தவசி.

“குறுக்க பேசாதவே. நம்ம பக்கத்துலயே ஒரு தேரி. ஆடிக் காத்து வந்து அள்ளிப் பாத்துச்சு, ஒரு பொடி மண்ணு வரல. கோவத்துல, தோசையை எடுக்குத மாதிரி முழுத் தேரியையும் தூக்கிட்டுப் போயிட்டு. மேல நாலு பனை. பனையேறி பாளை சீவிக்கிட்டே போறான். கீழ எறங்கி, ‘இது எந்த ஊரு?’ன்னு கேக்கான். கலயத்துல ஒரு சொட்டுப் பதநீர் சிந்தலயே!”

“அவன் பொண்டாட்டி?” என்றான் தவசி.

“பஸ் பிடிச்சுப் பின்னால வந்தா.”

மேஸ்திரிக்குச் சூடு ஏறியது. “அதை விடு. கடற்கரையில தாரு ஊத்தினேன். ஏறி வந்த அலை ஒட்டிக்கிச்சு. செவுரு மாதிரி நிக்கு. ஏணி வச்சு மீன் பறிச்சாவ. கடலு அந்த ஒத்த அலைக்காக ஒரு வாரம் காத்துக் கெடந்துச்சு. ஒரே அழுகை.”

சொல்லும்போதே துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். நிஜந்தானோ என்று பட்டுக்கனிக்கே ஒரு கணம் தோன்றியது.

“அப்புறம் எப்படித்தான் போச்சு?”

“நான்தான் மண்ணெண்ணெய் விட்டுக் கழுவி அனுப்பினேன்.”

ஹாரன் கேட்டது. கடைசி நூறடியின் விளிம்பில் லாரி நின்றது. டிரைவர் தலையை நீட்டினான்.

“தாங்குமா அண்ணாச்சி?”

மேஸ்திரி குனிந்து செருப்பில் ஒட்டிய தாரைச் சுரண்டினார்.

பட்டுக்கனி முந்திக்கொண்டாள். “தாங்குமாவா? நேத்து இதுமேல ஒரு யானை ஓடுச்சு தம்பி. தடம் இருக்கா, நீயே பாரு!”

எட்டிப் பார்த்தான். தடமே இல்லை. லாரியை ஏற்றினான்.

பத்தடி. பின்சக்கரங்கள் அச்சுவரை இறங்கின. முன்னும் பின்னும் இழுத்துப் பார்த்தான், அசையவில்லை.

“எக்கா! பிடிச்சுக்கிச்சே! எப்ப விடும்?”

பட்டுக்கனி தன் குடத்தை லாரியின் குழாய்க்கு நேராக வைத்துவிட்டாள். ஊரே குடமும் கையுமாக ஓடிவந்துகொண்டிருந்தது.

“என்ன அவசரம் தம்பி? இன்னும் அறுபது குடம் கெடக்கு.”